பெயரில்லாத கட்டை

பொம்மைக் கடைக்குப் போகிற பெரியவர்கள், குழந்தைக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் தங்களுக்கே வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வட்டமாக ஓடுகிற ரயில், ஊளையிடுகிற போலீஸ் வண்டி, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை எல்லாம் முதலில் மயக்குவது நம்மைத்தான். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். பித்தானை அமுக்கி வண்டியை ஓட விடும்போது அவர் நம் முகத்தைத்தான் பார்க்கிறார். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதே கடையில் கீழ்த் தட்டில், ஒரு மூலையில், மரக்கட்டைகள் போட்ட பெட்டி ஒன்று இருக்கும். அது ஓடாது, கத்தாது, கண்ணைத் திறக்காது. அதை எடுத்துக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. எடுத்தாலும் அதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

தமிழில் ‘கட்டை’ என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கிற வேலை கொஞ்சமல்ல. பாடகர் ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறார். மேட்டில் நிற்கிற வண்டிக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறோம். கல்யாணம் ஆகாதவன் ஒண்டிக்கட்டை. வயதானவர்கள் தங்கள் சரீரத்தையே ‘இந்தக் கட்டை’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே சொல், வைக்கிற இடத்தைப் பொறுத்துப் பொருள். விளையாட்டுக் கட்டையின் குணமும் இதுதான். தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. குழந்தை அதை எங்கே வைக்கிறதோ, என்ன சொல்லி வைக்கிறதோ, அதுவாக ஆகிறது.

அப்படியானால் ஒரு குழந்தைக்கு எத்தனை வகைக் கட்டைகள் வேண்டும்? சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால் இதையே வாழ்நாள் காரியமாக எடுத்துக்கொண்டு யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரடெரிக் பிரோபெல். 1782-ஆம் ஆண்டு தூரிங்கியாவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்கு முன்பே தாயை இழந்தார். தகப்பனாருக்கோ ஊர்ச் சபையின் வேலையே சரியாக இருந்தது. தனியாக வளர்ந்த அந்தப் பிள்ளை, பெரியவனான பிறகு பல வேலைகள் பார்த்தார். அவற்றில் ஒன்று, பெர்லின் நகரத்தில் கனிமங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு காட்சிசாலையில் உதவியாளர் வேலை. அங்கே அவர் கையாண்டவை படிகங்கள். நம் வீட்டு உப்புப் பரலைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் தெரியும்: அது ஒரு சிறு கனசதுரம். பூமிக்கு அடியில் யாரும் பாராத இடத்தில், அச்சில் வார்த்ததுபோல் இந்தக் கோணங்களும் சமதளங்களும் உண்டாகின்றன என்பது பிரோபெலின் மனத்தில் பதிந்துவிட்டது.

1837-இல் பிளாங்கென்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்குக் ‘கொடைகள்’ என்று பெயர் வைத்தார். மூன்று வருஷம் கழித்துத் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். இன்று நம் ஊர்ச் சந்துகளிலெல்லாம் பலகை மாட்டித் தொங்குகிற அந்தச் சொல் அவர் வைத்ததுதான்.

அவருடைய மூன்றாவது கொடை, பக்கத்துக்கு இரண்டு அங்குலமுள்ள ஒரு மரக் கனசதுரம். அது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். அவ்வளவுதான். நான்காவது கொடையும் அதே அளவுதான்; ஆனால் அது எட்டுத் தட்டையான செங்கல்களாகப் பிரியும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். மரத்தின் அளவு ஒன்று, துண்டுகளின் எண்ணிக்கையும் ஒன்று. முதல் பெட்டியில் கட்டையை எப்படித் திருப்பி வைத்தாலும் உயரம் மாறாது. இரண்டாவது பெட்டியில் படுக்க வைத்தால் ஒரு உயரம், ஒருக்களித்தால் ஒன்று, நிறுத்தினால் மற்றொன்று. ஒரே கட்டைக்கு மூன்று நிலை வந்துவிட்டது. துண்டைக் கூட்டாமலே வகையைக் கூட்டிவிட்டார். அடுத்த கொடையில்தான் மூன்றங்குலக் கனசதுரத்தை எடுத்து, அதில் சில துண்டுகளைக் குறுக்கே பாதியாகவும் காலாகவும் அறுத்து, முப்பத்தொன்பது துண்டுகளாக ஆக்கினார். அந்தப் பாதியும் காலும் வந்ததும் கூரை வந்தது.

பெட்டியைக் கொடுப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மேஜையின்மேல் கவிழ்த்து வைத்து, மூடியை உருவிவிட்டுப் பெட்டியைத் தூக்க வேண்டும். முழுக் கனசதுரம் முதலில் கண்ணில் பட வேண்டும். பிறகுதான் பிரிக்க வேண்டும். எதைச் செய்தாலும் எட்டுக் கட்டைகளையும் பயன்படுத்த வேண்டும். உதவாதது என்று ஒன்றை ஒதுக்கக் கூடாது. விளையாடி முடித்ததும் மறுபடியும் முழுமையாக அடுக்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கொஞ்சம் கண்டிப்பான மனிதர்தான். ஆனால் எட்டில் ஒன்றையும் ஒதுக்காதே என்று குழந்தைக்குச் சொன்னவரிடம் கண்டிப்பு மட்டும் இருந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்த எட்டுக் கட்டைகளுக்கு ஓர் அரசாங்கமே பயந்தது. 1851-இல் பிரஷ்யாவில் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தார்கள். தெய்வ நம்பிக்கையையும் ராஜ்ய ஒழுங்கையும் கெடுக்கிற கொள்கை இவற்றில் இருப்பதாகச் சந்தேகம். பிரோபெலின் அண்ணன் மகன் எழுதிய ஒரு பிரசுரத்தை இவருடையது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். அடுத்த வருஷமே அவர் இறந்து போனார். தடை 1860-இல்தான் நீங்கிற்று. ஷ்வைனா என்ற ஊரில் இருக்கிற அவருடைய சமாதியின்மேல் சிலை கிடையாது. ஒரு கனசதுரம், அதன்மேல் ஓர் உருளை, அதன்மேல் ஒரு பந்து. கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

கட்டைகள் அதற்குள் கடல் தாண்டிவிட்டன. 1876-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் ஒரு தாய் அவற்றைப் பார்த்துத் தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பையன் பிராங்க் லாயிட் ரைட். பின்னால் பெயர் பெற்ற கட்டடக் கலைஞரான பிறகு, அந்தக் கட்டைகளின் ஸ்பரிசம் தம் விரல்களை விட்டுப் போகவில்லை என்று சுயசரிதத்தில் எழுதினார். கட்டை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை எஞ்சினியர் ஆகிவிடுவான் என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டை வைத்து விளையாடிய லட்சக்கணக்கான பிள்ளைகள் குமாஸ்தாக்களாகவும் வியாபாரிகளாகவும், என்னைப்போல் கதை எழுதுகிறவர்களாகவும் ஆகியிருக்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் வந்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பழக்கினார். அவர் முறைப் பள்ளிகளில் இளஞ்சிவப்புக் கோபுரம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்துக் கனசதுரங்கள், பெரியது பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், சிறியது ஒன்று. பெரியதன்மேல் அடுத்தது என்று வரிசையாக அடுக்க வேண்டும். தவறினால் கோபுரமே காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியை வாய் திறக்க வேண்டியதில்லை. அழகான ஏற்பாடு. குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் அளவைக் கற்றுக்கொடுப்பதற்கு இதைவிட எளிமையான சாதனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோபுரத்துக்குச் சரியான வரிசை ஒன்று உண்டு. எளிமை இருக்கிறது, வகை இல்லை. அது பாடம். நான் தேடுவது விளையாட்டு.

பாடத்தை முழுவதும் உதறிவிட்டவர் காரொலின் பிராட் என்ற அமெரிக்கப் பெண்மணி. ரைட் பிறந்த அதே 1867-இல் பிறந்தவர். மரவேலை கற்றுக்கொடுத்த ஆசிரியை. 1914-இல் நியூயார்க்கில் ஏழைகளும் ஓவியர்களும் குடியிருந்த ஒரு பகுதியில் சிறு பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். அங்கே பிள்ளைகளுக்காக அவர் செய்த கட்டைக்குக் கனம் ஒன்றே காலே அரைக்கால் அங்குலம், அகலம் இரண்டே முக்கால், நீளம் ஐந்தரை. அதுதான் அடிப்படை. அதில் பாதி ஒன்று, இரட்டை ஒன்று, நான்கு மடங்கு ஒன்று. வர்ணம் கிடையாது, படம் கிடையாது, எழுத்து கிடையாது. முழுக் கனசதுரமாகத் திருப்பி அடுக்க வேண்டும் என்ற கட்டளையும் கிடையாது. துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் தரை முழுவதும் துறைமுகம் கட்டினார்கள். அவர் தம் கட்டைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம், செய்தும் வருகிறார்கள்.

எங்கள் தெருக் கோடியில் இருக்கிற ஆசாரியும் செய்தார். என் பெண்ணுக்கு மூன்று வயது முடிந்திருந்த சமயம். அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தமக்குள் கணக்குப் போட்டார்.

“கனம் ஒரு அங்குலம் மூணு நூல். அகலம் ரெண்டு அங்குலம் ஆறு நூல். நீளம் அஞ்சு அங்குலம் நாலு நூல். எல்லாம் ரெட்டிச்சுக்கிட்டே போவுது சார்.”

“ஆமாம் ஆசாரி, அதுதான் விசேஷம்.”

“இதிலே என்ன விசேஷம்? செங்கல்லே உள்ளதுதானே? ரெண்டு குறுக்குக் கல்லு சேர்ந்தா ஒரு நெடுக்குக் கல்லு ஆவணும். ஆவலைன்னா சுவரு ஒத்துக்காது” என்றார்.

நியூயார்க்கிலிருந்து நான் கொண்டு வந்த சரக்கு ஆசாரியின் பட்டறையில் பழைய சரக்காகப் போய்விட்டது. “இது எதுக்கு ஆவும்?” என்று கேட்டார். “ஒன்றுக்கும் ஆகாது, குழந்தைக்கு” என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கதவு வேலையில் மிஞ்சிய தேக்கு இருந்தும் அதை எடுக்கவில்லை. “பூவரசிலே செஞ்சு தர்றேன். சிலாம்பு எழும்பாது, பாப்பா கையிலே ஏறாது” என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அறுபது கட்டைகள் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாக்கில் தயாராக இருந்தன. பக்கத்தில் நாலைந்து கட்டைகள் தனியாகக் கிடந்தன. அவற்றையும் கேட்டேன், கொடுக்க மறுத்துவிட்டார். “அரை நூல் தள்ளிப் போச்சு சார். பத்துக் கட்டை மேலே மேலே அடுக்கினா அஞ்சு நூல் வந்துடும். வீடு சாஞ்சுடும்.”

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எளிமை என்பது அலட்சியத்துக்கு எதிரானது. சிங்க முகம் செதுக்கிய சாமானில் அரை நூல் பிசகினால் சிங்கத்தின் மீசை சற்று நீளும், யாரும் கவனிக்கப்போவதில்லை. வெறும் கட்டையில் பிசகை ஒளித்து வைக்க இடமே கிடையாது. வகைகளைக் குறைக்கக் குறைய அளவு சுத்தமாக வேண்டியிருக்கிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தில் தயங்காமல் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் நான்கு வகையிலிருந்து நானூறு வகை கிளம்பும்.

அந்த அறுபது கட்டைகள் எங்கள் வீட்டில் என்னென்னவாக இருந்தன என்று எழுதினால் ஒரு ஜாபிதா நீளும். பஸ், பஸ்ஸில் டிக்கெட், டிக்கெட் கொடுப்பவர், கோயில் யானை, யானைக்குக் கரும்பு, இட்லிக் கொப்பரை, செல்போன், சீப்பு. ஒரே கட்டை காலையில் கரும்பாகவும் மத்தியானம் சீப்பாகவும் இருந்தது. இவற்றை நான் ரசித்தேன் என்றாலும் அதிகமாக யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது வேறொரு நாள்.

என் தகப்பனார் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடைசி மாதங்களில் அவர் கூடத்துக் கட்டிலிலேயே கிடந்தார். யார் விசாரித்தாலும், “இந்தக் கட்டை இன்னும் எத்தனை நாளைக்கோ” என்பார். பேத்தி அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் போன பிறகு அந்தக் கட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டோம். அம்மா அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாள். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் யாராவது எழுந்து போக வேண்டியிருக்கும்.

ஒரு மாலையில் குழந்தை அதே இடத்தில் கட்டைகளைக் கொட்டினாள். நாலு மடங்குக் கட்டையை இரண்டு சிறு கட்டைகள்மேல் வைத்தாள். “இது கட்டில்” என்றாள். ஓர் ஒற்றைக் கட்டையை அதன்மேல் படுக்க வைத்தாள். “இது தாத்தா கட்டை.” அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. நான் குழந்தையை வேறு எதற்காவது கூப்பிட்டுப் பேச்சை மாற்றலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் கட்டிலைச் சுற்றிச் சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டாள். நாலு பக்கமும் வீடு வந்தது. வாசல் வைக்கிற இடத்தில் ஒரு கட்டை குறைந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். கொஞ்சமும் யோசிக்காமல் கட்டிலின்மேல் இருந்ததை எடுத்து வாசலில் குறுக்கே வைத்தாள்.

அம்மாதான் கேட்டாள். “தாத்தா எங்கேடி?”

“தாத்தா இப்ப வாசப்படி.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “வாசப்படின்னா மிதிக்கக் கூடாது கண்ணு. தாண்டித்தான் போவணும்” என்றாள். குழந்தை அதை ஒப்புக்கொண்டு, தன் பொம்மையை ஜாக்கிரதையாகத் தூக்கித் தாண்ட வைத்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா தானாகவே அப்பாவைப் பற்றி ஏதோ பழைய கதை சொன்னாள். யாரும் எழுந்து போகவில்லை.

தாத்தா மாதிரியே நரைத்த மீசையும் கண்ணாடியும் வைத்துச் செய்த பொம்மை ஒன்று கையில் இருந்திருந்தால் குழந்தை அதையும் கட்டிலில் படுக்க வைத்திருப்பாள். ஆனால் அந்தப் பொம்மை அடுத்த நிமிஷம் வாசற்படி ஆகியிருக்காது. அதற்கு முகம் இருக்கிறது. அது தாத்தாவாகவே இருந்தாக வேண்டும். கட்டைக்குப் பெயர் வைக்கலாம்; வைத்த பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றும் வைக்கலாம். கட்டைகளின் எளிமை என்று நான் சொல்வது இதைத்தான். பெயர் வைக்கிற உரிமையைத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளாமல் குழந்தையிடம் விட்டுவிடுகிறது.

மரக்கட்டைகளில் ஒரு குறை உண்டு. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. முழங்கை பட்டால் துறைமுகம் விழுந்துவிடும். இதற்கு ஒரு வழி கண்டவர்களும் தச்சர்கள்தான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிறு ஊர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சருக்கு, உலகமெல்லாம் தொழில் நசித்துக் கிடந்த காலத்தில் வீடு கட்டுகிற வேலை கிடைக்கவில்லை. 1932-இல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இரண்டு வருஷம் கழித்து, டேனிஷ் மொழியில் ‘நன்றாக விளையாடு’ என்ற பொருள்படும் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். யுத்தத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் செய்த பிளாஸ்டிக் செங்கல்லை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு 1949-இல் தங்கள் செங்கல்லைச் செய்தார்கள். மேலே குமிழ்கள், அடியில் வெற்றிடம். அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். 1958 ஜனவரியில் அவருடைய மகன் காட்ப்ரெட் அடியில் குழாய்கள் வைத்துக் காப்புரிமைக்கு மனுச் செய்தார். குமிழை மூன்று பக்கத்திலிருந்தும் பிடிக்கிற பிடி அதனால் கிடைத்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் தகப்பனார் காலமானார்.

எங்கள் ஆசாரிக்கு அரை நூல் பொறுக்கவில்லை அல்லவா? அந்தத் தொழிற்சாலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசக விடுவதில்லை. அதனால் 1958-இல் வார்த்த செங்கல் இன்று வார்த்த செங்கல்லோடு சேர்கிறது. பாட்டனார் விளையாடியதன்மேல் பேரன் கட்டலாம்.

எட்டுக் குமிழ் வைத்த செங்கல், ஒரே வர்ணத்தில் இரண்டு இருந்தால் அவற்றை இருபத்துநான்கு விதமாகச் சேர்க்கலாம். மூன்று இருந்தால் 1,560 விதம். ஆறு இருந்தால் எத்தனை? இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணித ஆசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியை வைத்து எண்ணிப் பார்த்தார். 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறே ஆறு செங்கல்! கம்பெனியார் அதுவரை சொல்லி வந்தது பத்துக் கோடியே சொச்சம். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறடுக்கு உயரம் வருவதை மட்டும் எண்ணியிருந்தார்கள். தங்கள் பெட்டிக்குள் இருந்ததில் பெரும் பகுதி அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஒரு குழந்தை இந்தத் தொண்ணூற்றொரு கோடியில் இருபதோ முப்பதோ செய்து பார்க்கும். எந்த முப்பது என்பதைக் குழந்தைதான் தீர்மானிக்கிறது.

இப்படிப்பட்ட செங்கல்லை வைத்திருந்தவர்களுக்கே ஒரு காலத்தில் அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. திரையில் ஓடுகிற விளையாட்டுகள் வந்த பிறகு, வெறும் செங்கல் இனி விலைபோகாது என்று பயந்தார்கள். புதிய புதிய துண்டுகளை வார்த்துத் தள்ளினார்கள். இந்த வண்டிக்கு மட்டும் உதவுகிற முகப்பு, அந்தக் கோட்டைக்கு மட்டும் பொருந்துகிற சுவர் என்று பெருகின. வடிவமும் வர்ணமுமாகச் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் ஆயின. ஒவ்வொரு புது வடிவத்துக்கும் ஒரு புது அச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் பெரும் பணம். 2003-இலும் 2004-இலும் கம்பெனிக்கு அதுவரை காணாத நஷ்டம். காரணங்கள் பல என்றாலும் இது முக்கியமான ஒன்று. 2004-இல் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் என்ற இளைஞர் தலைமைக்கு வந்து, துண்டு வகைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க வைத்தார். வரைகிறவர்கள் இருக்கிற துண்டுகளிலிருந்தே புதியதைக் கட்ட வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கும் பிரோபெலின் சட்டம் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

தனி வேலைக்கென்று செய்த துண்டெல்லாம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1962-இல் அவர்கள் செங்கல்லோடு சக்கரத்தைச் சேர்த்தார்கள். சக்கரம் செங்கல் ஆகாது. ஆனாலும் அது வந்ததும் அதுவரை நின்றதெல்லாம் ஓட ஆரம்பித்தது. பிரோபெலின் பெட்டியில் பாதித் துண்டு வந்ததும் கூரை வந்தது அல்லவா, அதைப் போல. ஒரு துண்டு புதிதாக வருகிறபோது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது மற்ற துண்டுகளுக்கு வேலை கொடுக்கிறதா, அல்லது அவற்றின் வேலையைப் பிடுங்குகிறதா?

என் மைத்துனர் ஒரு பிறந்த நாளுக்கு விமான நிலையம் ஒன்றைப் பெட்டியில் வாங்கி வந்தார். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று படம் போட்ட புத்தகமும் கூட இருந்தது. அவருடைய பையன் குப்புறப் படுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் கட்டி முடித்தான். படத்தைப் பார்த்து அப்படியே செய்கிற பொறுமை சாதாரணமானதல்ல. அவனை மெச்சத்தான் வேண்டும். பிறகு அது அலமாரியில் ஏறிற்று. கலைத்தால் துண்டு தொலைந்துவிடுமென்று தொடவிடவில்லை. “என் பெட்டியில் ஆயிரம் துண்டு, உங்கள் சாக்கில் அறுபது கட்டை” என்றார் மைத்துனர். வாஸ்தவம். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

என் தொழிலிலும் இந்தச் சங்கடம் உண்டு. லெகோவில் 1978-இல் சிறு மனித உருவம் வந்தது. மஞ்சள் முகம், இரண்டு புள்ளி, ஒரு புன்சிரிப்பு. பத்து வருஷத்துக்கு மேல் எல்லோருக்கும் அதே முகம்தான். 1989-இல் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தபோது ஒற்றைக் கண் திரையும் தாடியும் வந்தன. பார்க்க ஜோராகத்தான் இருந்தன. ஆனால் கொள்ளைக்காரனை டாக்டராக்குவது கஷ்டமாகிவிட்டது. கதை எழுதுகிறவனுக்கும் கதாபாத்திரத்துக்கு மூக்கு, புருவம், சேலைக் கரை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமென்று கை பரபரக்கும். சொல்லச் சொல்ல, வாசகர் தம் அத்தையையோ பக்கத்து வீட்டுக்காரியையோ அங்கே கொண்டுவந்து வைக்க முடியாமல் போகிறது. ‘அவள் படியில் உட்கார்ந்தாள்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுத்துவிடுவதற்கு எனக்குப் பல வருஷப் பழக்கம் வேண்டியிருந்தது.

குழந்தைக்குக் கட்டை வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பத்து வகையில் ஆறு ஆறாக வாங்காதீர்கள். அது கடைக்காரருக்கு அழகு. குழந்தைக்கு ஒரு சுவர்கூடத் தேறாது. மூன்று நான்கு வகை போதும். அதில் அடிப்படைக் கட்டை ஒன்றே முப்பது நாற்பது இருக்கட்டும். ஒன்று இன்னொன்றில் பாதியாகவோ இரட்டையாகவோ இருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பாதகமில்லை; ஓர் அங்குலம் மூன்று நூல் என்று உங்கள் ஊர் ஆசாரியிடம் சொன்னால் மீதியை அவரே சொல்லிவிடுவார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கொட்டிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள். “என்ன கட்டறே?” என்று மட்டும் கேட்காதீர்கள். பெயர் முடிவாகியிருந்தால் குழந்தையே சொல்லும். சொல்லாவிட்டால் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.